ஐம்பத்தேழின் இடது இறக்கை

ஓல்ஷாவா, 12 பிப்ரவரி 1969

வரைபடக் கலைஞர் லூட்சியான் ஸரேம்பா அவர்களுக்கு,
இதழின் ஆசிரியர் குழு வழியாக.

ஐயா,

உங்கள் பிப்ரவரி இதழில் வந்த பி-11 சண்டை விமானத்தின் காகித மாதிரியை நேற்று ஒட்டி முடித்தேன். முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். மடிப்புக் கோடுகள் ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை. மூக்கை ஒன்பது வளையமாகப் பிரித்தது நல்ல யோசனை. பென்சிலில் சுருட்டி ஒட்டினால் கச்சிதமாக உட்காருகிறது. பாராட்டு இத்துடன் முடிந்தது.

காகிதம் மட்டம். பசை பட்ட இடத்தில் பச்சை நிறம் கரைந்து விரலில் ஒட்டுகிறது. இது அச்சகத்தின் குற்றம், உங்களுடையது அல்ல. ஆனால் இன்னொன்று உங்கள் குற்றம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் ஏதோ பொழுதுபோக்குக்கு வெட்டி ஒட்டுகிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். பால் நிலையத்தில் எடை போடுகிற வேலை. வயது நாற்பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை. என் அலமாரியில் இருபத்தாறு விமானங்கள் நிற்கின்றன, இருபத்தாறும் பி-11. வேறு எதையும் நான் கட்டியதில்லை. பத்திரிகைக் கடை ஸோஃபியாம்மா என் பெயர் எழுதிய உறையில் மாதாமாதம் இதழை ஒதுக்கி வைப்பாள். இந்த முறை நான்கு பிரதி கேட்டேன். "ஏன்யா, ஊர்ல எவனும் ஒரே பொண்டாட்டியோட இத்தன வருசம் ஒட்டிக் கெடந்ததில்ல. நீ ஒரே ஏரோப்ளேன கட்டிக்கிட்டு அழுவுறியே" என்றாள்.

பிழை இதுதான். 57 எண் விமானத்தின் இடது இறக்கைக்கு அடியில் நம் படையின் சிவப்பு வெள்ளைச் சதுரக் கட்டத்தை அச்சிட்டிருக்கிறீர்கள். கடைசி நாளில் அது அங்கே தெரியாது. சாம்பல் நிறப் பெயின்ட்டை அவசரமாக அப்பி மறைத்திருந்தார்கள். தூரிகைத் தடம் வலமிருந்து இடமாகப் போயிருக்கும். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு எட்டிப் பார்க்கும். வலது இறக்கையிலும் அப்படித்தான். அடுத்த பதிப்பில் திருத்திவிடவும்.

இப்படிக்கு,
வின்செந்தி மசூர்


வார்சா, 20 பிப்ரவரி 1969

திரு. மசூர் அவர்களுக்கு,

பதினோரு வருடமாக விமானம் வரைகிறேன். வாரத்துக்கு நான்கு புகார் வரும். ஒருவர் சக்கரம் பெரிது என்பார். இன்னொருவர் நான் குடித்துவிட்டு வரைகிறேன் என்பார். சில நாள் அது உண்மையாகவும் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: "நன்றி, கவனத்தில் கொள்கிறோம்."

உங்களுக்கும் அதையே தட்டச்சு செய்யத் தொடங்கினேன். "ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு" என்ற வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

57-ஐ நான் சும்மா பொறுக்கி எடுக்கவில்லை. அது என் அண்ணன் யூலியுஷ் ஓட்டிய விமானம். 1939 செப்டம்பர் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலே போனவன் திரும்பவில்லை. அதற்கு முந்தைய மாலைதான், எதிரியின் கண்ணில் சட்டென்று படாமலிருக்க, அவன் படைப்பிரிவில் இறக்கைக்கு அடியிலிருந்த கட்டங்களைப் பெயின்ட் பூசி மறைத்தார்களாம். பூசியவர் அவனுடைய மெக்கானிக். இந்த ஜனவரியில், என் வரைபடம் அச்சுக்குப் போன பிறகு, மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடி என்னிடம் சொன்னார். "சாம்பல் பெயின்ட் பத்தலப்பா, ஓரத்துல கொஞ்சம் செவப்பு தெரிஞ்சுது. பரவால்ல போடா, ஒன்னைய யாரு கீழ நின்னு பாக்கப் போறான்னு சொல்லி அனுப்பிட்டேன்." ஒரு வாரத்தில் அவரும் இறந்துவிட்டார்.

எனவே அந்தச் சிவப்பு ஓரம் எனக்கு மட்டுமே தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு எப்படித் தெரியும்?

என் அண்ணன் விமானத்தோடு ருமேனியாவுக்கு ஓடிவிட்டான் என்று எங்கள் தெருவே பேசியது. ரொட்டிக்கு நின்ற வரிசையில் ஒருவன் அப்பாவைப் பார்த்து, "ஓடுகாலியப் பெத்தவனுக்கு ரொட்டி எதுக்கு?" என்றான். அப்பா அவன் மூக்கை உடைத்தார். அவர்கள் நாலு பேர் சேர்ந்து அப்பாவின் விலாவை உடைத்தார்கள். உடைந்த எலும்பு நுரையீரலில் குத்தி ஆறு வாரம் ரத்தம் துப்பி இறந்தார். அம்மா கடைசிவரை அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்றும் நம்பினாள், அதற்காக அவனைச் சபிக்கவும் செய்தாள்.

அவனை எங்கே பார்த்தீர்கள்? அவன் எங்கே கிடக்கிறான்? எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

லூட்சியான் ஸரேம்பா


ஓல்ஷாவா, 10 மார்ச் 1969

ஐயா,

நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். வயதாகிறது, கண் மங்குகிறது. வேறு ஏதோ விமானத்தைப் பற்றி எங்கோ படித்ததை இதோடு குழப்பிக்கொண்டேன். உங்கள் வரைபடம் சரி. கட்டம் அங்கே இருந்தது.

உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்து வருத்தப்பட்டேன். இனி எழுத வேண்டாம். இங்கே தபால்காரர் உறையின் மேல் இருப்பதையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே வருவார்.

வி. மசூர்


வார்சா, 16 மார்ச் 1969

மசூர்,

உங்களுக்குப் பொய் சொல்ல வரவில்லை. பழக்கம் இல்லாதவர் போலிருக்கிறது, அல்லது ஒரே பொய்யை முப்பது வருடம் சொல்லி அலுத்துவிட்டது.

பறக்கிற விமானத்தின் அடியில் தூரிகைத் தடம் எந்தப் பக்கம் போகிறது என்று தரையில் நிற்கிறவனுக்குத் தெரியாது. நீங்கள் அந்த இறக்கைக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நின்றிருக்கிறீர்கள். நின்ற மனிதனுக்கு விமானியும் தெரிந்திருப்பான்.

ஈஸ்டர் வரை நேரம் தருகிறேன். எழுதாவிட்டால் நேரில் வருவேன். கேள்வி கேட்க மட்டும் வரமாட்டேன் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். நான் அப்பாவின் பிள்ளை.

ஸரேம்பா


ஓல்ஷாவா, 30 மார்ச் 1969, குருத்தோலை ஞாயிறு

ஸரேம்பா ஐயாவுக்கு,

ஊரே பூசைக்குப் போயிருக்கிறது. நான் போகவில்லை. அவர்கள் திரும்புவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

உங்கள் அண்ணன் ஓடவில்லை. முதலில் அதை வைத்துக்கொள்ளுங்கள். அன்று காலை பத்து மணிக்கு இன்ஜினிலிருந்து புகை கக்கிக்கொண்டு எங்கள் உருளைக்கிழங்கு வயலில் இறங்கினார். சக்கரம் பாத்தியில் மாட்டி விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது. வால் முறிந்து தள்ளிப்போய் ஓடைக்குள் விழுந்தது. இறக்கையின் அடிப்பக்கம் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. நான் பார்த்தது அதைத்தான்.

இரண்டு நாள் முன்புதான் ஜெர்மன்காரன் சந்தையில் குண்டு போட்டிருந்தான். அவர்களுடைய ஒற்றர்கள் பாராசூட்டில் குதிக்கிறார்கள், போலிஷ் பேசுகிறார்கள், கிணற்றில் விஷம் போடுகிறார்கள் என்று வானொலியும் சொன்னது, பாதிரியாரும் சொன்னார். வயலுக்கு முப்பது பேர் ஓடினோம். கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினோம்.

அவர் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். நெற்றி பிளந்து கண்ணெல்லாம் ரத்தம். "நம்மாளுதான்பா, நம்மாளு! தண்ணி குடுங்கப்பா" என்றார்.

ஸ்டெஃபான் க்ஷிப் சொன்னான்: "பாத்தீங்களா, வானொலில சொன்ன மாதிரியே பேசுறான்!"

கிழவர் பர்த்தோஷ் என் பக்கம் திரும்பினார். ஊரில் விமானம் பற்றித் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பத்திரிகைப் படங்களை வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்திருப்பேன். "வின்செந்தி, நீ சொல்லுடா. இது நம்மளதா, அவனுங்களதா?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் இறக்கையைப் பார்த்தேன். கட்டம் இல்லை. "அவனுங்களது" என்றேன்.

முதல் அடி ஸ்டெஃபானுடையது, வண்டி முளைக்குச்சியால். பிறகு யார் எங்கே அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. பெண்களும் அடித்தார்கள். அவர் கையைத் தூக்கித் தலையை மறைத்தார், கை முறிந்ததும் கீழே போட்டுவிட்டார். ரொம்ப நேரம் ஆனது. இளவயது, நெஞ்சு பலமாக இருந்தது.

ஓய்ந்த பிறகு, மற்றவர்கள் போன பிறகு, மூன்று பேர் மிஞ்சினோம்: பர்த்தோஷ், ஸ்டெஃபான், நான். சட்டையைத் திறந்தபோது உள்ளே மாதா பதக்கமும் நம் ராணுவ அடையாளப் புத்தகமும் இருந்தன. பர்த்தோஷ் அங்கேயே வாந்தி எடுத்தார். மூவரும் வெளியே சொல்வதில்லை என்று சிலுவை மேல் சத்தியம் செய்தோம். சாயங்காலம் பின்வாங்கிப் போன ராணுவ லாரி ஒன்று உடலை ஏற்றிக்கொண்டு போனது. எங்கே என்று தெரியாது.

பர்த்தோஷ் செத்துப்போனார். ஸ்டெஃபான் இப்போது ஊர்த் தலைவர். ஊருக்கு இன்றும் அது ஜெர்மன்காரன்தான். நீங்கள் வந்தால் ஸ்டெஃபான் என்னைக் கொல்லுவான். தயவுசெய்து வராதீர்கள்.

வின்செந்தி மசூர்


வார்சா, 9 ஏப்ரல் 1969

மசூர்,

வந்ததற்கு மன்னிப்பு கேட்க மாட்டேன். அடித்ததற்கும்.

ஈஸ்டர் திங்கள் அன்று உங்கள் ஊரில் கால் வைத்ததும் பெண் பிள்ளைகள் இரண்டு வாளித் தண்ணீரை என் தலையில் ஊற்றிச் சிரித்தார்கள், பண்டிகை வழக்கப்படி. என் அண்ணன் கேட்ட தண்ணீர் முப்பது வருடம் கழித்து எனக்குக் கிடைத்தது. சொட்டச் சொட்டத்தான் உங்கள் கதவைத் தட்டினேன். உட்காரச் சொன்னீர்கள். பீட்ரூட் சூப் வேண்டுமா என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விதான் எனக்கு வெறியேற்றியது.

அலமாரியைத் திறந்தபோது அந்த இருபத்தாறையும் ஒரு நிமிடம் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கையால் எழுதிய 57. ஒவ்வொன்றின் அடியிலும் சாம்பல் பூச்சு, ஒரு விரல் சிவப்பு. வெட்டிய ஓரங்களில் வெள்ளை தெரியாமல் நிறம் தொட்டிருந்தீர்கள். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை. அப்புறம்தான் எல்லாவற்றையும் தரையில் தள்ளி மிதித்தேன். நீங்கள் தடுக்கவில்லை. வாயில் குத்தியபோதும் கையை உயர்த்தவில்லை. பல்லைத் துப்பி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். அதனால் இன்னும் இரண்டு குத்தினேன்.

கோபம் தீரவில்லை. பேருந்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. நிறுத்தத்துக்குப் பக்கத்தில், கல்லறைத் தோட்டச் சுவருக்கு வெளியே, ஆள் இடுப்புயரத்துக்கு ஒரு கற்குவியல். பக்கத்தில் நின்ற பெண் ஒரு கல்லைப் பொறுக்கி அதன் மேல் போட்டாள். "ஜெர்மன்காரன் குழிங்க அது. போறவங்க வர்றவங்க ஆளுக்கொண்ணு போட்டுட்டுப் போவோம். எங்கூர் வழக்கம். நீங்களும் போடுங்க, மனசு ஆறும்." போரில் ஓல்ஷாவாவில் ஜெர்மன்காரர்கள் எத்தனை பேர் செத்தார்களோ, அவர்களில் எவனோ ஒருவன் என்று நினைத்தேன். ஒரு கல்லை எடுத்து உங்கள் முகத்தை நினைத்துக்கொண்டு பலம் கொண்ட மட்டும் எறிந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், மனசு ஆறியது.

பேருந்தில்தான் புத்தி வேலை செய்தது. கட்டம் இல்லாததால் அவனுங்களது என்றீர்கள், இல்லையா? மசூர், பி-11-இன் இறக்கை உடம்பிலிருந்து மேலே எழுந்து, முறிந்து, பக்கவாட்டில் போகும். அப்படி ஒரு இறக்கை ஜெர்மன்காரனிடம் கிடையாது. பதினோரு வருடமாக அதை வரைகிறேன். குருடன்கூடத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவான். சுவர் முழுக்க விமானப் படம் ஒட்டியவனுக்குத் தெரியாதா?

உங்களுக்குத் தெரிந்திருந்தது. அப்படியானால் ஏன்?

ஸரேம்பா


ஓல்ஷாவா, 22 ஏப்ரல் 1969

ஐயா,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். நீங்கள் போன மறுநாள் ஸ்டெஃபான் தன் இரண்டு மருமகன்களோடு பால் நிலையத்துக்கு வந்தான். "வார்சாக்காரன்ட்ட என்னடா சொன்ன?" என்றான். என் வலது கையை இரும்புக் கதவின் இடுக்கில் வைத்து மூன்று முறை சாத்தினார்கள். நான்கு விரல் போயிற்று. இனிமேல் கத்தி பிடிக்க முடியாது. இதை உங்கள் இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. எழுத்து ஏன் கோணல் என்பதற்காகச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆம். தெரியும்.

தலைகீழாகக் கிடந்தாலும் அந்த இறக்கையை எனக்கு அடையாளம் தெரிந்தது. வயலுக்கு ஓடும்போதே, விமானம் மரத்துக்கு மேல் வரும்போதே தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சந்தையில் குண்டு போட்டபோது என் தங்கை ஹான்கா வெண்ணெய் விற்கப் போயிருந்தாள். பதினாறு வயது. நான்தான் போய்ப் பொறுக்கினேன். பொறுக்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு சொல் இல்லை. வெண்ணெய்க் கூடையில் போட்டு எடுத்து வந்தேன். சனிக்கிழமையும் வந்தார்கள், சாலையில் போன வண்டிகளைச் சுட்டார்கள். நான் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர் முழுக்க ஒட்டி வைத்திருந்தேனே, நம்முடையது ஒன்று வரும், ஒன்றே ஒன்றாவது வரும் என்று. வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் முடிந்த பிறகு, ஹான்காவைப் புதைத்து முடித்த பிறகு, அவர் வந்தார்.

தண்ணீர் கேட்டபோது நான்தான் பக்கத்தில் நின்றேன். "இப்பத்தான் வர்றியா?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார், சொந்தக்காரனைப் பார்த்துச் சிரிப்பது போல. பர்த்தோஷ் கேட்டார். "அவனுங்களது" என்றேன். சொல்லிவிட்டு முதல் அடியையும் நான்தான் அடித்தேன். ஸ்டெஃபான் இல்லை. மண்வெட்டி. புதைகுழி தோண்டிய அதே மண்வெட்டி, அதைக் கையோடு கொண்டுவந்திருந்தேன்.

மற்றவர்கள் ஜெர்மன்காரனை அடித்தார்கள். நான் நம்மாளை அடித்தேன், தெரிந்தே அடித்தேன். அவர் மூன்று நாளாக எங்கே எத்தனை பேரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார் என்பதைப் போர் முடிந்து அதைப் பற்றிய புத்தகங்கள் வந்த பிறகுதான் படித்தேன். அப்புறம்தான் காகிதத்தில் கட்டத் தொடங்கினேன். ஒவ்வொரு செப்டம்பருக்கும் ஒன்று, சில வருடம் இரண்டு. பிப்ரவரியில் ஸோஃபியாம்மா கொடுத்த உறைக்குள் அச்சடித்த 57 இருந்தது. வேறு யாரோ ஒருவருக்கும் அது நினைவிருக்கிறது என்றுதான் நான்கு பிரதி கேட்டேன். பிழை இருக்கிறது என்று எழுதினேன். யாராவது என்னைக் கேட்க வேண்டும் என்றுதான் எழுதினேன் என்று இப்போது தோன்றுகிறது. கேட்டதும் பயந்துவிட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி. லாரி எதுவும் வரவில்லை.

ஓடையில் கிடந்த வாலைச் சேற்றில் அமுக்கினோம், அதிலும் கட்டம் இருந்ததால். உடலைச் சுவருக்கு வெளியே புதைத்தோம். ஜெர்மன்காரனுக்குப் புனித மண்ணில் இடமில்லை என்று ஊர் சொல்லிவிட்டது, நாங்கள் மூவரும் தலையாட்டினோம். முதல் கல்லைப் பர்த்தோஷின் மனைவி போட்டாள். அப்புறம் வழக்கமாகிவிட்டது. முப்பது வருடமாகப் பால் நிலையத்துக்குப் போகும்போதும் வரும்போதும் நான் அந்த வழியாகத்தான் நடக்கிறேன். நான் மட்டும் போடுவதில்லை. அதற்கே ஊர் என்னைப் பைத்தியம் என்கிறது.

அன்று நீங்கள் போன பிறகு, வாயில் துணியை அழுத்திக்கொண்டு உங்கள் பின்னாலேயே வந்தேன். சொல்லிவிடலாம் என்று வந்தேன். நீங்கள் குனிந்து கல்லை எடுப்பதைப் பார்த்தேன். கத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன். வாய் நிறைய ரத்தம், சத்தம் வரவில்லை. எறிந்துவிட்டீர்கள்.

அது அவர்தான்.

வின்செந்தி மசூர்


வார்சா, 28 ஏப்ரல் 1969

மசூர்,

உங்கள் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. முதல் நாள் மேசையை உடைத்தேன். இரண்டாம் நாள் குடித்தேன். இன்று வரைபலகையை மட்டும் நிமிர்த்தி, ஐம்பத்தேழின் இடது இறக்கையைத் திருத்தி வரைந்தேன். சாம்பல் பூச்சு, தடம் வலமிருந்து இடம், ஓரத்தில் ஒரு விரல் சிவப்பு. நீங்கள் சொன்னது சரி.

நீங்கள் மன்னிப்பு கேட்கவில்லை. நல்லது. கேட்டிருந்தால் மிச்சமிருக்கிற பல்லையும் எடுக்க வந்திருப்பேன். உங்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஹான்காவைப் பற்றிப் படித்தபோது அழுதேன், அதற்காக உங்களை இன்னும் வெறுக்கிறேன்.

மே மூன்றாம் தேதி சனிக்கிழமை, காலைப் பேருந்தில் வருகிறேன். அண்ணனின் படைப்பிரிவில் இருந்த இரண்டு பேர் உடன் வருகிறார்கள். ஒருவர் சவப்பெட்டி கொண்டு வருகிறார். பாதிரியாரிடம் சொல்லிவிடுங்கள். ஸ்டெஃபானிடமும் சொல்லிவிடுங்கள், ஒளிந்து வரவில்லை என்று. தடுக்க நினைத்தால் தன் மருமகன்களோடு அங்கே வந்து நிற்கட்டும். எங்கள் மூவருக்கும் வயதாகிவிட்டது, ஆனால் அடிவாங்கக் கவலைப்படுகிற வயது தாண்டிவிட்டது.

நீங்களும் வர வேண்டும். ஊர் முன்னால், வாயைத் திறந்து, அது யார் என்று நீங்கள் சொல்ல வேண்டும். அன்று உங்களிடம்தானே கேட்டார்கள்.

மண்வெட்டி வேண்டாம். மண் வரும்வரை யார் கையிலும் அதை நான் பார்க்கக்கூடாது. கற்களைக் கையால் எடுப்போம், ஒவ்வொன்றாக. உங்களுக்கு இடது கை இருக்கிறது, அது போதும்.

நான் எறிந்தது தட்டையான கல், நடுவே வெள்ளைக் கோடு ஓடும். குவியலின் உச்சியில் பட்டு, சுவர்ப் பக்கமாக உருண்டு நின்றது. நான் வரும்வரை அதை யாரும் தொட வேண்டாம்.

லூட்சியான் ஸரேம்பா